பல்லிக்கூடம்

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. அங்கே அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாகப் பெட்ஷீட் மடிக்கிறாள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டிய ஷீட்டை, மேசை விளிம்பில் ஒரு பக்கத்தை இடுப்பால் அழுத்திக்கொண்டு தனியாளாக மடித்துவிடுவாள். கை மடிக்கும்போது வாய் சும்மா இருக்காது. யார் வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை, எந்தப் பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்குவார் என்பதெல்லாம் அந்த மேசையைச் சுற்றித்தான் முதலில் தெரியவரும். "அக்கா வாய்க்கு ஒரு மடிப்பு போட்டா இந்த இடமே அமைதியாயிடும்" என்பார் மேனேஜர். ஆனால் அவள் ஒரு நாள் லீவு போட்டால் அவரே இரண்டு தடவை வந்து, "என்ன, இன்னிக்கு அக்கா வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு திங்கட்கிழமை மதியம், எல்லாரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிற நேரத்தில், தோளில் பையும் கையில் ஒரு கட்டு நோட்டீஸுமாக ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். "வணக்கம். கற்பதற்கு வயது ஒரு தடையல்ல" என்று ஆரம்பித்தாள். துணி உலர்த்தும் மிஷின் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அவள் குரல் அதைத் தாண்டி வரவில்லை. இரண்டு நிமிடம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஆளுக்கொரு இளஞ்சிவப்பு நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, ஓர் ஓரமாகப் போய் நின்றாள்.

அந்த நோட்டீஸுக்கு வந்த வாழ்வு பெரியது. ஒருத்தி அதை விசிறியாக்கினாள். இன்னொருத்தி மீன் முள்ளைப் போட எடுத்துக்கொண்டாள். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணன், அவர் உட்காரும் ஸ்டூலின் ஆடுகிற காலுக்கு அடியில் நாலாக மடித்து வைத்தார். உட்கார்ந்து பார்த்து, "இப்ப ஆடலை" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

மடிப்பக்காவுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"என்னம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு சாயங்கால வகுப்புன்னு எழுதியிருக்கும்மா. பின்னாடி இருக்கே ஆரம்பப் பள்ளி, அங்கதான். நான்தான் டீச்சர்."

"சரியா போச்சு போ. எழுத்து தெரியாதவங்களை எழுத்து அச்சடிச்சா கூப்பிடுவாங்க? காது கேக்காதவன் வீட்டுக் கதவைத் தட்டின கதையால்ல இருக்கு."

டீச்சர் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இருபது நாளா வகுப்பு நடக்குதும்மா. ஒருத்தரும் வரலை. தினம் ஆறு மணிக்குப் போயி கரும்பலகையில தேதி எழுதறேன். ஏழரைக்கு நானே அழிச்சிட்டு வீட்டுக்குப் போறேன். அடுத்த மாசக் கடைசியில அதிகாரி வருவார். தொடர்ந்து வர்ற ஆளு பத்துப் பேராவது இல்லைன்னா மூடிடுவாங்க."

ஒரு பெண் தினமும் தேதி எழுதித் தானே அழித்துவிட்டுப் போகிறாள் என்பது மடிப்பக்காவுக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது அவளுக்கு யோசனை வராது, பேச்சுதான் வரும்.

"பத்துப் பேருதானே? வெள்ளிக்கிழமைக்குள்ள நான் கூட்டிட்டு வர்றேன். நீங்க போயி தேதியை மட்டும் எழுதி வைங்க."

சொல்லிவிட்டு வந்து மேசையில் அடுத்த ஷீட்டை உதறியபோதுதான், அவளுக்கே எழுதப் படிக்கத் தெரியாது என்பது அவள் நினைவுக்கு வந்தது.

சுத்தமாகத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. மூன்றாம் வகுப்புவரை போயிருக்கிறாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது, கீழே இருந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் கதை. அன்று மூடிய புத்தகத்தில் இருந்து சில எழுத்துகள் மட்டும், கூட்டிப் பெருக்கிய வீட்டில் மிஞ்சிய மணலைப்போல அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. பேரைக்கூட நிதானமாக உட்கார்ந்தால் எழுதிவிடுவாள். ஆனால் மகள் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று நிதானம் எங்கே கிடைத்தது? பின்னால் ஒரு வரிசை நிற்கிறது. எழுத்தர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட சம்பந்தியம்மாவோ, பேனாவைச் சுழற்றி, கடைசியில் ஒரு வாலும் இழுத்து, நீரில் மீன் துள்ளுகிற மாதிரி போட்டுவிட்டு நகர்ந்தாள். மடிப்பக்காவுக்கு முதல் எழுத்தே ஞாபகத்துக்கு வரவில்லை. பேனாவை விட்டுவிட்டுக் கட்டைவிரலை நீட்டினாள். அந்த நீல மையைச் சம்பந்தியம்மா பார்த்த ஒரு பார்வை இருக்கிறதே, ஏழு வருடமாகியும் அது மடிப்பக்காவின் நெஞ்சில் ஆறவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வதெல்லாம் வந்தீங்களா, போனீங்களா என்பதோடு சரி.

அன்று சாயங்காலமே அவள் கிளம்பிவிட்டாள். சலவைக்கூடத்துக்குப் பின்னால் நான்கு வரிசை வீடுகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அறை. வரிசைக்கொரு குழாய். படிக்க வா என்று அவள் எந்த வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. போய் உட்காருவாள். பாதிக் காய்கறியை அவளே நறுக்கிக் கொடுப்பாள். பேச்சு எங்கெங்கோ போய், ஒரு கட்டத்தில் அவர்களே எதையாவது நொந்துகொள்வார்கள். அங்கே பிடித்துக்கொள்வாள்.

சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரி, கண்ணில் விடும் மருந்தென்று காதுக்கு விடும் மருந்தை விட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் துடித்த கதையைச் சொன்னாள். "பாட்டில் ரெண்டும் ஒரே உசரம்க்கா. நான் என்னத்தைக் கண்டேன்?"

"பாட்டில்மேல பேரு இருந்திருக்குமே."

"இருந்து?"

"அதான் நானும் கேக்கறேன். இருந்து என்ன பிரயோஜனம்? வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வா."

கிடங்கு வாட்ச்மேனுக்கு எழுத்துக் கூட்டி ஓரளவு படிக்க வரும், எழுத வராது. ராத்திரி எத்தனை வண்டி வந்தது என்று மறுநாள் வாயால் ஒப்பிப்பதற்குள் அவருக்குத் தலைவலி வந்துவிடும். அவர் உடனே சரி என்றார். பாய்லர் அண்ணன்தான் மசியவில்லை.

"போம்மா. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? எனக்கு அம்பத்தி நாலு."

"அண்ணே, நான் மடிக்கிறவ. எனக்குச் சொல்லாதீங்க. புது ஷீட்டுதான் வெறைச்சுக்கிட்டு நிக்கும், ஒரு பக்கம் மடிச்சா மறுபக்கம் எழும்பும். அம்பது தடவை வெளுத்து வந்த ஷீட்டு இருக்கே, தொட்டாலே மடியும்."

அவர் பாய்லர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். பிறகு சந்தேகமாகத் திரும்பினார். "நீ சேர்ந்துட்டியா?"

"சேராம? முதல் ஆளே நான்தான்."

அந்தப் பொய்யை முதல் வீட்டில் சொன்னபோது சின்னதாக இருந்தது. நாலு வரிசையும் முடிவதற்குள் அது வளர்ந்து ஆளாகிவிட்டது. எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி அதுதான். நீ வருவாயல்லவா? நீ வந்தால் நான் வருகிறேன். உன் பக்கத்தில்தான் உட்காருவேன். வியாழக்கிழமை எண்ணிப் பார்த்தாள். எட்டுப் பேர் தேறினார்கள்.

அவள் வீட்டுக்காரர் பெயின்டர். சுவருக்குப் பட்டி தேய்த்து வர்ணமடிப்பவர். அதிகம் பேசமாட்டார். அன்று கைவிரலில் ஒட்டியிருந்த பச்சை வர்ணத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"எட்டுப் பேரை சேர்த்தாச்சு. நீ போறியா?"

"நான் எதுக்குங்க? கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்துடுவேன்."

"ஊருக்குத்தான் உபதேசமா?"

"எனக்கு வேலை கிடக்கு."

"வாட்ச்மேன் என்னைப் பாத்து, உங்க வீட்டம்மாதான் வகுப்புக்கே தலைவியாமேன்னு கேக்கறாரு." அவர் சிரிக்காமல் சொன்னார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? போயிட்டு வா. ஏழரை மணிக்கு நான் சோறு வடிச்சு வைக்கறேன்."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒன்பது பேராக நுழைந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற அறை அது. சுவரில் அணிலும் ஆமையும் வரைந்திருந்தார்கள். பெஞ்சுகள் முழங்காலுக்குக் கீழே இருந்தன. பாய்லர் அண்ணன் ஒன்றில் உட்கார்ந்தார். உட்காருவது சுலபமாக இருந்தது. டெஸ்க்குக்கும் பெஞ்சுக்கும் நடுவில் தொடை சிக்கிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. ஆளுக்கொரு பக்கம் இழுத்து அவரை வெளியே எடுத்தார்கள். "படிப்புல மாட்டிக்கிட்டா வெளிய வர முடியாதுன்னு சொல்லுவாங்களே, அது இதுதான் போல" என்றார் அவர், வலித்த தொடையைத் தேய்த்துக்கொண்டே. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். கரும்பலகையில் தேதி எழுதியிருந்தது.

முதல் நாள் வந்து உட்கார்ந்துவிட்டு இரண்டாம் நாளே நழுவிவிட வேண்டும் என்பது மடிப்பக்காவின் கணக்கு. நழுவ முடியவில்லை. அவள் வராவிட்டால் பொத்தான்காரி வரமாட்டாள். பொத்தான்காரி வராவிட்டால் அவளோடு வருகிற இரண்டு பேர் வரமாட்டார்கள். அதனால் தினமும் வந்தாள். ஆனால் பென்சிலைப் பிடித்தால் உள்ளங்கை வியர்த்தது. மற்றவர்களைத் தட்டிக்கொடுத்து, சிரிக்கவைத்து, யாருக்குக் கண்ணாடி வேண்டும், யாருக்கு முதுகு வலி என்று பார்த்துக்கொண்டே நேரத்தை ஓட்டினாள். தன் நோட்டை மட்டும் முழங்கையால் மறைத்துக்கொண்டாள்.

டீச்சர் பார்க்கப் பூனை மாதிரி இருந்தாலும் கண் கூர்மை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், "அக்கா, நீங்க வந்து போர்டுல எழுதுங்க" என்றாள்.

"நானா?"

"நீங்கதான். நாங்கள் பள்ளிக்கூடம் வந்தோம். அவ்வளவுதான்."

எழுந்து போனாள். சாக்பீஸ் விரலில் வழுக்கியது. 'நாங்கள்' வந்துவிட்டது. அடுத்த வார்த்தையைக் காதில் ஒரு தரம் ஓடவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக இறக்கினாள். ஐந்து நிமிடமாயிற்று. எழுதி முடித்து இரண்டடி பின்னால் வந்து பார்த்தபோது, மூன்று வார்த்தையும் நேராக நிற்பதுபோலத்தான் தெரிந்தது.

வாட்ச்மேன் உரக்கப் படித்தார். "நாங்கள்... பல்லி... பல்லிக்கூடம் வந்தோம்."

அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எல்லாரும். பாய்லர் அண்ணன் டெஸ்க்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மடிப்பக்காவுக்குக் காது சூடேறியது. கட்டைவிரலை நீட்டிய அன்று ஏறிய அதே சூடு. செருப்பு வாசலில் கிடக்கிறது, இப்படியே போய் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடலாம் என்று நினைத்தாள். வாசலைப் பார்க்கத்தான் தலையைத் தூக்கினாள். கரும்பலகைக்கு மேலே, ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில், கொழுத்த பல்லி ஒன்று வகுப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஒட்டியிருந்தது.

அவள் சாக்பீஸாலேயே அதைச் சுட்டிக்காட்டினாள். "ஏன் சிரிக்கறீங்க? நான் சரியாத்தான் எழுதியிருக்கேன். டீச்சர், பத்தாவது ஆளு கிடைச்சாச்சு. நமக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காரு. அவர் பேரையும் பதிவுல போட்டுக்குங்க."

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அவளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க, காதில் ஏறிய சூடு எங்கே போனதென்று தெரியவில்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, நாக்கு எங்கே போய்த் தொட வேண்டும் என்று காட்டினாள். "பல்லிக்கு நாக்கு பல்லுக்குப் பின்னாடி. பள்ளிக்கு நாக்கை மடிச்சு மேல கொண்டு போகணும். மடிக்கறது உங்களுக்குத் தெரியாததா அக்கா?" ஒன்பது பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு பல்லி, பள்ளி, பல்லி, பள்ளி என்று சொன்னார்கள். அவ்வளவு சத்தத்தில் நிஜப் பல்லி ட்யூப்லைட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அன்றுமுதல் அவள் நோட்டை முழங்கையால் மறைக்கவில்லை.

பெயர் நிலைத்துவிட்டது. குழாயடியில், "பல்லிக்கூடத்துக்கு நேரமாச்சு, குடத்தை எடு" என்று குரல் கேட்கும். இந்த வயதில் பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டவர்களெல்லாம் பல்லிக்கூடம் போகிறேன் என்று தைரியமாகச் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்க்கவும் வந்தார்கள். வந்தவர்கள் நிற்கவில்லை. ஒருவருக்கு வேலை நேரம் மாறிவிட்டது, ஒருத்திக்குப் பேறுகாலம். பதிவேட்டில் ஒன்பது ஒன்பதாகவே நின்றது.

அந்த நாட்களில்தான் சலவைக்கூடத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. புதிதாக ஒரு துவைக்கிற மிஷின் வாங்கியிருந்தார்கள். ஓர் ஆள் உள்ளே நிற்கலாம், அவ்வளவு பெரிது. ஆனால் கோபக்காரப் பிறவி. வாரத்துக்கு இரண்டு தடவை கூவிக்கொண்டு நின்றுவிடும். நெற்றியில் இருக்கிற சின்னத் திரையில் சிவப்பாக எழுத்து ஓடும். யாருக்காவது புரியட்டும் என்று முதலாளி அதைத் தமிழிலேயே வைக்கச் சொல்லியிருந்தார். யாருக்கும் புரியாததுதான் சங்கடம். சிவப்பு எழுத்தைக் கண்டால் எல்லாரும் நெருப்பைக் கண்டதுபோலப் பின்வாங்குவார்கள். மேனேஜர் மெக்கானிக்குக்குப் போன் போடுவார். மெக்கானிக் இரண்டு மணி நேரம் கழித்து வந்து, யாரும் பார்க்காமல் எதையோ செய்வார். மிஷின் ஓடும்.

அன்று மேனேஜர் வெளியே போயிருந்தார். ஆஸ்பத்திரி வண்டி மூன்று மணிக்கு வரும். மணி ஒன்று. மிஷின் கூவிக்கொண்டு நின்றது.

"போச்சு" என்றார் பாய்லர் அண்ணன்.

மடிப்பக்கா மடித்துக்கொண்டிருந்த ஷீட்டை அப்படியே போட்டுவிட்டு மிஷின் முன்னால் போய் நின்றாள். எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. பிடிக்கப் போனால் நழுவியது. போனது மறுபடி வருமே என்று காத்திருந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வார்த்தையாகப் பிடித்தாள்.

"க... த... வு. கதவு."

பின்னால் கூட்டம் கூடிவிட்டது.

"ச... ரி... யா... சரியாக. கதவு சரியாக."

"மேல படிம்மா" என்றார் பாய்லர் அண்ணன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"இருங்கண்ணே, அது வரணுமில்ல. மூ... மூட... மூடவில்லை." அவள் திரும்பினாள். "கதவு சரியாக மூடவில்லை."

எல்லாரும் மிஷினின் வட்டக் கதவைப் பார்த்தார்கள். கதவிடுக்கில் ஒரு தலையணை உறையின் நுனி எலிவாலைப்போல நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் திறந்து, உறையை உள்ளே தள்ளி, ஓங்கிச் சாத்தினாள். மிஷின் ஒரு தடவை பெருமூச்சு விட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

"இவ்வளவுதானா?" என்றார் பாய்லர் அண்ணன். "இதுக்கா அந்த மெக்கானிக் நம்மளையெல்லாம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, சட்டைக்கையை மடிச்சுவிட்டுக்கிட்டு வேலை பார்த்தான்?"

மடிப்பக்கா மேசைக்குத் திரும்பி ஷீட்டை எடுத்தாள். ஐந்தாறு ஷீட் மடிக்கும்வரை வாய் திறக்காமல் இருந்தாள். அந்த மேசையில் அப்படி ஓர் அமைதியை அன்றுவரை யாரும் கேட்டதில்லை.

சாயங்காலத்துக்குள் செய்தி நாலு வரிசையும் சுற்றிவிட்டது. மூன்றாவது வரிசையில் இருக்கிற மகள் வீட்டுக்கும் போயிருக்க வேண்டும். அதே வீட்டு முன்னறையில்தான் சம்பந்தியம்மா தையல் கடை வைத்திருந்தாள். நல்ல கைக்காரி. அளவெடுத்தால் எதிலும் குறித்துவைக்க மாட்டாள். "எல்லாம் தலையில இருக்கு" என்பாள். யாருடைய துணி எது என்பதற்குச் சிவப்பு நூல், மஞ்சள் நூல் என்று ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்ததில்லை.

மாதக் கடைசி வந்தது. அன்று ஆறு மணிக்கு அதிகாரி வரப்போகிறார். ஐந்தரைக்கே ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். டீச்சர் பதிவேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மடிப்பக்கா தெருவில் போகிறவர்களையெல்லாம் ஜன்னல் வழியாக அளந்துகொண்டிருந்தாள். அப்போது வாசலில் சம்பந்தியம்மா நின்றாள். தோளில் அளவு நாடா.

"உங்க பொண்ணு சொன்னா. இங்க ஜன்னலுக்குத் திரை இல்லையாமே. பிள்ளைங்க கண்ணுல வெயில் அடிக்குதாம். சும்மாவே தைச்சுக் கொடுக்கலாம்னு அளவெடுக்க வந்தேன்."

"எடுங்க சம்பந்தி" என்றாள் மடிப்பக்கா. மனதுக்குள், இன்றைக்குப் பார்த்துத்தானா இவள் வர வேண்டும், வகுப்பு மூடுகிற அழகைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

டீச்சர் பாடத்தைத் தொடங்கினாள். சம்பந்தியம்மா ஜன்னலின் அகலத்தை அளந்தாள். உயரத்தை அளந்தாள். பிறகு மறுபடி அகலம். ஆறு மணிக்கு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். தலைகளை எண்ணினார். பதிவேட்டைப் பார்த்தார். "ஒன்பதுதான் இருக்கு" என்றார் வருத்தமாக. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் விதி அவர் கையில் இல்லை.

சம்பந்தியம்மா மூன்றாவது தடவையாக உயரத்தை அளந்துகொண்டிருந்தாள். நாடா ஜன்னலில் இருந்தது, கண் கரும்பலகையில் இருந்தது. டீச்சர் எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்து உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அந்த அசைவு மடிப்பக்காவுக்கு நன்றாகத் தெரிந்த அசைவு. தேடிப் பார்த்து, கிடைக்காமல், மறுபடி தேடுகிற உதடு.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, நாலாவது தடவை அளந்தாலும் ஜன்னல் அதே அளவுதான் இருக்கும்" என்றாள்.

சம்பந்தியம்மா நாடாவைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள். பிறகு ஜன்னல் கம்பியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "எனக்குக் கையெழுத்து மட்டும்தாங்க தெரியும்."

"என்னது?"

"கல்யாணமான புதுசுல அவர் ஒரு மாசம் உக்கார வெச்சு அதை மட்டும் பழக்கினார். கோலம் மாதிரி வரைவேன். அதுல எது எந்த எழுத்துன்னு கேட்டா சொல்லத் தெரியாது. அன்னிக்குப் பதிவு ஆபீஸ்ல வேகமா போட்டுட்டு ஓடினேனே, வேற எதையாவது எழுதச் சொல்லிடுவாங்களோன்னு பயம். நீங்க தைரியமா விரலை நீட்டினீங்க. எனக்கு அந்தத் தைரியம் வரலை."

ஏழு வருடமாக மடிப்பக்கா மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்த வார்த்தைகள் நிறைய இருந்தன. சமயம் வாய்த்தால் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்பதுவரை அடுக்கிவைத்திருந்தாள். அந்த அடுக்கில் கைவிட்டுப் பார்த்தாள். எடுக்கத் தகுந்ததாக ஒன்றும் இல்லை.

"வாங்க" என்றாள். "என் பெஞ்சுல இடம் இருக்கு. கொஞ்சம் ஆடும், காலை ஊன்றி உக்காருங்க."

டீச்சர் பதிவேட்டை நீட்டினாள். சம்பந்தியம்மா பேனாவை வாங்கி, சுழற்றி, வாலை இழுத்து, பழைய மீனைத் துள்ளவிட்டாள். அதிகாரி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு அழகா கையெழுத்து போடறீங்க. உங்களுக்கு எதுக்கும்மா இந்த வகுப்பு?"

சம்பந்தியம்மாவின் கழுத்து சிவந்தது. மடிப்பக்கா முந்திக்கொண்டாள். "கணக்குக்கு வந்திருக்காங்க சார். தையல்காரங்க இல்லையா, கால் இஞ்ச் அரை இஞ்செல்லாம் சரியா வரணுமே."

அதிகாரி பத்து என்று எழுதினார். டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெஞ்சில் பக்கத்து இடத்தில் சம்பந்தி வந்த பிறகு மடிப்பக்காவின் படிப்பு வேகம் பிடித்தது. இவள் ஒரு பக்கம் எழுதினால் அவள் ஒன்றரைப் பக்கம் எழுதுவாள். சம்பந்தியின் ஞாபகசக்தி பொல்லாதது. இத்தனை வருடமாக நூறு பேருடைய அளவைச் சுமந்த தலை, இருநூற்றுச் சொச்சம் எழுத்தை இரண்டு மாதத்தில் உள்ளே வாங்கி அடுக்கிவிட்டது. மடிப்பக்காவுக்கு எழுத்துப் பிழை போகவில்லையே தவிர, கணக்கு பிடிபட்டது. ஷீட்டை மடித்து மடித்துப் பாதி, கால், அரைக்கால் என்று விரலுக்கே தெரிந்திருந்ததால், பின்னம் என்று டீச்சர் பயமுறுத்தியது ஒரே நாளில் அடங்கிப்போனது. மாதாமாதம் பத்து பதினொன்றாகி, பதினான்காகிவிட்டது. பாய்லர் அண்ணனுக்குத் தனியாக ஒரு நாற்காலி வந்தது.

எட்டு மாதம் கழித்துப் பரீட்சை எழுதினார்கள். ஐந்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சை. சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போய், போகிற வழியெல்லாம் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, ஆட்டோக்காரரையும் இரண்டு கேள்வி கேட்டார்கள். முடிவு வந்த அன்று டீச்சர் தாளைக் கையில் கொடுத்து, "நீங்களே படிச்சுக்குங்க" என்றாள். தமிழில் சம்பந்தியம்மா எண்பத்தொன்று, மடிப்பக்கா அறுபத்திரண்டு. கணக்கில் மடிப்பக்கா எழுபத்தேழு, சம்பந்தியம்மா எழுபத்து மூன்று. பாய்லர் அண்ணன் தமிழில் தேறி, கணக்கில் மூன்று மதிப்பெண்ணில் போய்விட்டார். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் மடிப்பக்கா மதிய இடைவேளையில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். "பாய்லர் முள்ளு எதுல நிக்குது? பாதியைத் தாண்டியா, முக்காலைத் தாண்டியா?" அவர் முறைத்தார். பிறகு சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

அடுத்த வருட வகுப்புக்குப் புதிதாக ஆள் சேர்க்கிற சமயம் வந்தபோது, டீச்சர் நோட்டீஸ் அச்சடிக்கவில்லை. "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆறு வரிசை இருக்கு அக்கா" என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிப்பக்கா கிளம்பினாள். தெருமுனையில் சம்பந்தியம்மா தோளில் நாடாவோடு நின்றிருந்தாள்.

"நாடா எதுக்கு சம்பந்தி?"

"கையில ஒண்ணும் இல்லைன்னா எனக்குப் பேச்சு வராதுங்க."

முதல் வீட்டில் ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மடிப்பக்கா வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டே ஊர்ப்பேச்சை ஆரம்பித்தாள். அரைமணி ஆயிற்று. பேச்சு எங்கெங்கோ சுற்றியது, பிடி மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் கெட்டிக்காரி. "எனக்கெல்லாம் படிக்கத் தெரியுங்க, கண்ணுதான் கொஞ்சம் மங்கல்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள்.

இதுவரை நின்றுகொண்டே இருந்த சம்பந்தியம்மா நாடாவைச் சுருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்மா. முப்பத்திரண்டு வருஷம். பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். படிக்கறதைவிட அதுதான் பெரிய வேலை. ரொம்ப களைச்சுப் போயிடும். நீ வந்துடு."

அந்தப் பெண் பெட்டியைப் பிரிப்பதை நிறுத்தினாள். சம்பந்தியம்மாவையே பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்குங்க?" என்றாள்.

அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது வழி முழுக்க இரண்டு பேருக்கும் வாக்குவாதம்.

"நான் அரைமணி உழைச்சு வெச்சேன், நீங்க வந்து அறுவடை பண்ணிட்டீங்க."

"அறுவடை பண்ணவங்க பேருலதான் விளைச்சல் சேரும். அது என் ஆளு."

"சரி, அடுத்த வீடு எனக்கு. நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நீங்க திறந்தா எனக்கு எங்க வாய்ப்பு" என்றாள் சம்பந்தியம்மா.